சீன அரண்மனைத் தொடரில் யார் வாரிசு என்று காதாலேயே கண்டுபிடிப்பது எப்படி

எங்கள் அத்தைக்கு இரவு எட்டரை ஆனால் சீன அரண்மனைத் தொடர் ஓடியாக வேண்டும். சீனம் ஒரு வார்த்தை தெரியாது. கீழே ஓடும் மலாய் வரிகளைப் படித்தே முப்பது நாற்பது தொடர்களை முடித்துவிட்டார். ஒருநாள் ரிமோட்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, "டேய், இந்த அரமனையில எத்தனை புத்ரா மக்கோத்தாடா? போன வாரம் ஒருத்தன் இருந்தான். இந்த வாரம் மூணு பேரு. யாரு உண்மையான ஆளு?" என்றார்.

புத்ரா மக்கோத்தா என்றால் மலாயில் பட்டத்து இளவரசர். மக்கோத்தா நம் மகுடம்தான். நான் மலேசியாவின் ஈப்போவில் ஆறு வருஷம் சீனப்பள்ளியில் படித்தவன். அடுத்த காட்சியைக் காது கொடுத்துக் கேட்டேன். ஒருவர் 'தாய்ட்ஸு' என்கிறார், இன்னொருவர் 'ஷிட்ஸு' என்கிறார், மந்திரி 'ச்சூஜுன்' என்கிறார், வாசலில் நிற்கும் காவலன் 'டோங்கோங்' என்கிறான். நாலுக்கும் கீழே ஒரே மொழிபெயர்ப்பு. அத்தை குழம்பாமல் என்ன செய்வார்?

அன்றிலிருந்து தினமும் இடைவேளையில் ஒரு சொல் என்று சொல்லிக்கொடுத்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சீனம் பேசக் கற்றுக்கொள்ள வேண்டாம், எழுதவும் வேண்டாம். பதினைந்து இருபது ஒலிகள் பழகினால் போதும். ஒரே ஒரு பழக்கம் மட்டும் வேண்டும். சொல்லைக் கேட்டதும் அதற்கு என்ன அர்த்தம் என்று ஓடாதீர்கள். யார் வாயிலிருந்து, யாரைப் பார்த்து வந்தது என்று பாருங்கள்.

முதலில் தாய்ட்ஸு. 'தாய்' என்பதை மேலிருந்து கீழே போடுகிற மாதிரி அழுத்தி இறக்க வேண்டும், 'ட்ஸு'வைத் தாழ்த்தி, பள்ளத்தில் இறங்கி ஏறுவதுபோல் சொல்ல வேண்டும். தாய் என்றால் மிகப் பெரிய, ட்ஸு என்றால் மகன். பேரரசரின் வாரிசாக ஊரறியப் பட்டம் கட்டப்பட்டவர் இவர் ஒருவர்தான். முழுப் பெயர் ஹுவாங்தாய்ட்ஸு. 'ஹுவாங்' என்பது பேரரசர் என்பதைக் குறிக்கும் முன்னொட்டு. அரசாணை படிக்கும் காட்சியில் முழுப் பெயர் வரும், மற்ற நேரத்தில் சுருக்கம்தான்.

இந்தச் சொல்லை நான் மறக்கவே முடியாதபடி கற்றுக்கொடுத்தவர் எங்கள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. சீனத்தில் 'பெரிய' என்பதற்கு எழுத்து மூன்றே கோடு: குறுக்கே ஒன்று, அதன் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கால் விரித்தாற்போல் இரண்டு. கையைக் காலை விரித்து நிற்கும் மனிதன் மாதிரி இருக்கும். கால்களுக்கு நடுவே ஒரு புள்ளி வைத்தால் 'தாய்'. அதே புள்ளியை மேலே வலது தோளுக்குப் பக்கத்தில் வைத்தால் 'ச்சுவென்', அதாவது நாய். நான் அவசரத்தில் மேலே வைத்துவிட்டேன். பட்டத்து இளவரசர் நாய்மகன் ஆகிவிட்டார். ஆசிரியை சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டுச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது: ச்சுவென்ட்ஸு என்ற சொல் நிஜமாகவே உண்டு! பிறரிடம் தன் மகனைப் பற்றிப் பேசும்போது தகப்பன் தன்னடக்கத்தோடு சொல்லும் சொல் அது. 'நம்ம வீட்டு நாய்க்குட்டி' என்கிற தொனி. தொடரில் ஒரு மந்திரி கையைக் கூப்பி 'ச்சுவென்ட்ஸு' என்று ஆரம்பித்தால் யாரையும் திட்டவில்லை. தன் பையனுக்குப் பெண் கேட்கிறார், அல்லது பையன் செய்த வம்புக்கு மன்னிப்புக் கேட்கிறார்.

அடுத்து ஷிட்ஸு. இதுவும் வாரிசுதான், ஆனால் பேரரசருக்கு அல்ல, அவருக்கு அடுத்த படியில் இருக்கும் சிற்றரசருக்கோ கோமகனுக்கோ. 'ஷி' என்றால் தலைமுறை. பேரரசரின் தம்பிக்கு 'வாங்' பட்டம் இருந்தால், அந்த வாங்கின் வாரிசு ஷிட்ஸு. ஒரு தொடரில் தாய்ட்ஸு ஒருவர்தான் இருக்க முடியும், ஷிட்ஸு எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். அத்தை பார்த்த 'மூணு பேரில்' இரண்டு பேர் ஷிட்ஸு. பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்தது. (ஷிட்ஸு என்ற முடிக்கார நாய் நினைவுக்கு வருகிறதா? அது வேறு 'ஷி', வேறு சுரம், அதாவது குரலின் ஏற்ற இறக்கம் வேறு. அந்தப் பெயருக்குச் சிங்கம் என்று அர்த்தம். நாயைச் சிங்கம் என்கிறார்கள், மகனை நாய் என்கிறார்கள்.)

கொரியத் தொடர் பார்ப்பவர்கள் 'செஜா' என்று ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள். எழுத்தில் அது இதே ஷிட்ஸுதான், கொரிய உச்சரிப்பு மட்டும் வேறு. கொரிய அரசருக்குப் பிறகு நாடாளப்போகிறவரை ஏன் இரண்டாம் படிச் சொல்லால் அழைத்தார்கள்? கொரியாவை ஆண்ட சோசொன் வம்ச மன்னர்கள் சீனப் பேரரசருக்குக் கீழ்ப்பட்ட 'அரசர்' என்ற தகுதியையே ஏற்றிருந்தார்கள். அப்பா அரசர் என்றால் மகன் செஜா. 1897இல் கொரிய மன்னர் கோஜோங் தன்னைப் பேரரசர் என்று அறிவித்தார், உடனே மகனும் செஜாவிலிருந்து ஹ்வாங்தெஜா ஆனார். ஹுவாங்தாய்ட்ஸுவின் கொரிய ஒலி. அப்பா ஒரு படி ஏறியதும் மகனின் பெயரும் கூடவே ஏறிவிட்டது.

ச்சூஜுன் என்ற சொல் மந்திரிகளின் வாயில்தான் அதிகம் வரும். 'ஜுன்' என்றால் ஆள்பவர். 'ச்சூ' என்றால் சேமித்து வைத்தது. எங்கள் ஊர் பேங்க் சிம்பானான் நேஷனலின் சீனப் பெயர்ப்பலகையில் இதே ச்சூ இருக்கிறது, சேமிப்பு வங்கி என்பதில் வரும் சேமிப்பு. ஆக ச்சூஜுன் என்றால் நாளைக்கு வேண்டும் என்று எடுத்து வைத்திருக்கும் அரசர். இது பட்டப்பெயர் அல்ல, பதவியைக் குறிக்கும் சொல். அதனால் நேருக்கு நேர் யாரும் 'ச்சூஜுன் அவர்களே' என்று கூப்பிட மாட்டார்கள். நாலு கிழவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு 'ச்சூஜுன்' என்று பேசினால், இருப்பவரை மாற்றலாமா என்று ஆலோசனை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டோங்கோங் என்றால் கிழக்கு அரண்மனை. சூரியன் உதிக்கும் திசை, சீனக் கணக்கில் வசந்தத்தின் திசை, அதனால் வாரிசின் இருப்பிடம் கிழக்கே. நாம் அரசாங்கத்தைக் 'கோட்டை' என்கிறோமே, அதுபோல இடத்தைச் சொல்லி ஆளைக் குறிப்பது. 'டோங்கோங் கோபமாக இருக்கிறதாம்' என்றால் தாய்ட்ஸு கோபமாக இருக்கிறார். வேலைக்காரர்கள், ஒற்றர்கள், எதிரிகள் மூவரும் இந்தச் சொல்லை விரும்புவார்கள், பெயரைச் சொன்ன பாவம் வராது. வசந்தத்தின் திசை என்பதால் பழைய நூல்களில் 'ச்சுன்கோங்', வசந்த அரண்மனை என்றும் சொல்வார்கள். அதைத் தயவுசெய்து வீட்டில் பெரியவர்களை வைத்துக்கொண்டு படம் தேடாதீர்கள். பிற்காலத்தில் அந்தச் சொல் படுக்கையறைச் சித்திரங்களுக்குப் பெயராகிவிட்டது. அத்தை பக்கத்தில் இருக்கும்போது நான் தேடிவிட்டு, போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

இப்போது வினைச்சொற்கள். மூன்று போதும். 'லி' என்றால் நிறுத்து, நாட்டு. வாரிசுக்குப் பட்டம் கட்டுவது. 'ஃபெய்' என்றால் நீக்கு, செல்லாததாக்கு. 'டுவோ' என்றால் பிடுங்கு. இதில் ஃபெய் ஒரு பொறி. தாய்ட்ஸுவின் மனைவிக்கும் ஃபெய் என்றுதான் பெயர். சுரம் வேறு: மனைவி ஃபெய் மேலே சமமாக நீளும், நீக்கும் ஃபெய் தடாலென்று விழும். சுரம் பிடிபடாவிட்டால் இடத்தைப் பாருங்கள். ஃபெய் பின்னால் வந்தால், அதாவது தாய்ட்ஸுஃபெய், பட்டத்து இளவரசரின் மனைவி. முன்னால் வந்தால், ஃபெய் தாய்ட்ஸு, பதவி பறிபோனவர். அத்தை இதை இப்படி மனப்பாடம் செய்துகொண்டார்: "பின்னால வந்தா பொண்டாட்டி, முன்னால வந்தா ஓட்டாண்டி." இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது.

ஆனால் கதையின் நெருப்பு முழுக்க இருப்பது 'டி', 'ஷு' என்ற ஓரெழுத்துச் சொற்களில். டி என்றால் பட்டத்து மனைவி வயிற்றில் பிறந்தது, ஷு என்றால் மற்ற மனைவியர் வயிற்றில் பிறந்தது. வாரிசுச் சண்டைக்கே 'டுவோ டி' என்றுதான் பெயர்: டி என்ற இடத்தைப் பிடுங்குவது. மிங் வம்ச அரசவையில் ஒரு விதி எட்டே அசையில் இருந்தது. யோ டி லி டி, வு டி லி ஜாங். டி இருந்தால் டியை நிறுத்து, டி இல்லையென்றால் மூத்தவனை நிறுத்து. இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், தாலாட்டு மாதிரி நாக்கில் உட்கார்ந்துவிடும். கிழட்டு மந்திரிகள் மண்டியிட்டு இதைச் சொல்லும்போது அடையாளம் கண்டுகொள்ளலாம். திறமையைப் பற்றி அதில் ஒரு அசைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த எட்டு அசைக்காக ஒரு பேரரசரும் அவருடைய அதிகாரிகளும் பதினைந்து வருஷம் மல்லுக்கட்டினார்கள். வான்லி பேரரசரின் பட்டத்து அரசிக்கு மகன் இல்லை. 1582இல் ஒரு பணிப்பெண்ணிடம் மூத்த மகன் ஜு சாங்லுவோ பிறந்தான். 1586இல் பேரரசர் உயிரையே வைத்திருந்த ஜெங் என்ற துணைவிக்கு ஜு சாங்ஷுன் பிறந்தான். பேரரசருக்குச் சின்னவன்மேல் ஆசை. அதிகாரிகளோ வு டி லி ஜாங் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். மனு மேல் மனு. எழுதியவர்களைப் பதவியிறக்கினார், ஊரைவிட்டு விரட்டினார், அடுத்தவர் எழுதினார். பேரரசர் இன்றைக்கு, நாளைக்கு, பையன் சின்னவன், உடம்பு சரியில்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் 1601இல் மூத்தவனுக்கே பட்டம் கட்டினார். சின்னவன் பெயரளவில் லுவோயாங் சிற்றரசனாகியும் தலைநகரைவிட்டுக் கிளம்ப 1614 ஆனது. இத்தனை பாடுபட்டுக் காத்திருந்த ஜு சாங்லுவோ 1620இல் அரியணை ஏறி ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார்.

இந்தச் சண்டைக்கு வரலாற்றில் 'குவோபென்' சண்டை என்று பெயர். குவோ என்றால் நாடு, பென் என்றால் அடிவேர். மரம் என்ற எழுத்தின் அடியில் ஒரு சிறு கோடு போட்டால் பென். வாரிசு யார் என்ற கேள்வியையே 'நாட்டின் வேர்' என்றார்கள். ஒரு கதாபாத்திரம் குவோபென் என்று சொன்னால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகாதீர்கள்.

விதி இருக்கிறதே என்று எல்லாரும் அடங்கிப் போகவில்லை. 626இல் தாங் வம்சத்தில் மூத்த மகன் லி ஜியென்செங்தான் தாய்ட்ஸு. தம்பி லி ஷிமின் அரண்மனையின் ஷுவான்வு வாசலில் காத்திருந்து அண்ணனை அம்பெய்து கொன்றார். மூன்றே நாளில் அவர் தாய்ட்ஸு, இரண்டு மாதத்தில் பேரரசர். தாய்ட்ஸு என்ற பட்டம் கவசம் மாதிரித் தெரியும். கதைகளில் பெரும்பாலும் அது குறிபார்க்கும் பலகை.

இனி அவர்கள் தங்களையும் ஒருவரை ஒருவரையும் எப்படி அழைக்கிறார்கள் என்பது. பேரரசருக்கு 'பீஷியா', இளவரசருக்கு 'டியென்ஷியா'. இரண்டிலும் 'ஷியா' என்றால் கீழே. பீ என்பது அரியணைப் படிக்கட்டு, டியென் என்பது மண்டபம். உங்களை நேராகப் பார்த்துப் பேசும் தகுதி எனக்கில்லை, படிக்குக் கீழே நிற்பவரிடம் சொல்லியனுப்புகிறேன் என்ற பாவனை. வாழ்த்து கோஷத்திலும் கணக்கு உண்டு: பேரரசருக்கு 'வான்சுவெய்', பத்தாயிரம் ஆண்டு, இளவரசருக்கு 'ச்சியென்சுவெய்', ஆயிரம் ஆண்டு. ஆயிரம் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு முட்டாள் பத்தாயிரம் சொல்லித் தொலைத்தால் அந்த எபிசோடில் யாரோ ஒருவர் தலை போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'அர்ச்சென்'. பேரரசரான அப்பாவிடம் பேசும்போது மகன் தன்னைச் சொல்லிக்கொள்ளும் சொல். அர் என்றால் மகன், சென் என்றால் அடியவன், ஊழியன். மகனும் ஊழியனும் ஒரே சொல்லில். மலாய் வரியில் அது வெறும் 'நான்' என்று போய்விடுகிறது. தமிழில் நான் எழுதினால் 'தங்கள் மகன் அடியேன்' என்று போடுவேன், கொஞ்சம் நீளம்தான். காட்சியில் கவனிக்க வேண்டியது: அப்பா சாகக் கிடக்கும்போதோ பெரும் சண்டையிலோ மகன் 'அர்ச்சென்'னிலிருந்து வெறும் 'வோ', சாதாரண நான், என்று இறங்குவான். அரண்மனை காணாமல் போய் ஒரு வீட்டுக்குள் வந்துவிடுவீர்கள்.

தாய்ட்ஸு மற்றவர்களிடம் பேசும்போது தொடர்களில் தன்னைக் 'கூ' என்பார். கூ என்றால் தனியன், துணையற்றவன். பழங்காலச் சிற்றரசர்கள் தங்களைச் சொல்லிக்கொண்ட சொல். மற்ற இளவரசர்களுக்கு வாங் பட்டம் இருந்தால் 'பென்வாங்', இந்த வாங்காகிய நான். பேரரசருக்கு 'ஜென்', சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் கி.மு. 221இல் தனக்கு மட்டும் என்று ஒதுக்கிக்கொண்டது. கூ, பென்வாங், ஜென். இந்த மூன்றையும் காதில் ஏற்றிவிட்டால் முகம் தெரியாத காட்சியில்கூட யார் பேசுகிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

ச்சிங் வம்சத் தொடர் என்றால் மேலே சொன்னதில் பாதியை மூட்டை கட்டி வைக்க வேண்டும். முன்நெற்றி மழித்துப் பின்னால் ஜடை தொங்கினால் ச்சிங். அவர்கள் மஞ்சூ இனத்தவர்கள், தனி மொழி உண்டு. அப்பாவை 'ஹுவாங் ஆமா' என்பார்கள். ஆமா என்பது மஞ்சூ மொழியில் அப்பா. அத்தை முதல் முறை கேட்டபோது, "என்னடா, அப்பன் வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே ஆமா ஆமாங்குறான்" என்றார். மகன்கள் 'ஆகெ', வரிசை எண்ணோடு: நாலாவது ஆகெ, எட்டாவது ஆகெ.

அங்கே தாய்ட்ஸு தேடாதீர்கள், அநேகமாக இருக்க மாட்டார். காங்ஷி பேரரசர் சீன முறைப்படி மகன் யின்ரெங்குக்கு இரண்டு வயது நிறைவதற்குள் பட்டம் கட்டினார். 1708இல் நீக்கினார், 1709இல் மறுபடி அமர்த்தினார், 1712இல் மறுபடி நீக்கினார். ஒரே ஆள் இரண்டு முறை ஃபெய் தாய்ட்ஸு. அதற்குப் பிறகு மகன்கள் அடித்துக்கொண்ட கதைதான் நீங்கள் பத்துத் தொடர்களில் பார்த்திருக்கக்கூடிய 'ஒன்பது மகன்கள் டுவோ டி'. அதில் ஜெயித்து வந்த யோங்ஜெங், 1723இல் வழக்கத்தையே மாற்றினார். வாரிசின் பெயரை எழுதிப் பெட்டியில் பூட்டி, ச்சியென்ச்சிங் மண்டபத்தில் அரியணைக்கு மேலே தொங்கும் பலகைக்குப் பின்னால் வைத்துவிட்டார். அவர் இறந்த பிறகுதான் திறக்கலாம். 1735இல் திறந்தார்கள், மகன் சியென்லோங் பேரரசராக வந்தார். அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'நேர்மை, ஒளிவுமறைவின்மை'. நாட்டிலேயே பெரிய ரகசியத்தை அதற்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள்.

ஆக, ச்சிங் தொடரில் ஒருவர் ஏணி போட்டுப் பலகையைப் பார்த்தால் அதுதான் வாரிசுக் காட்சி.

படிப்பவர்களுக்கு ஒரு பொறி. பழைய பதவிப் பட்டியலில் 'தாய்ட்ஸு ஷியென்மா' என்று ஒருவர் வருவார். எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் 'பட்டத்து இளவரசரின் குதிரை கழுவுபவர்'. கழுவுவது அல்ல, குதிரைக்கு முன்னே செல்பவர் என்பதுதான் மூலம், எழுத்து மட்டும் கழுவும் எழுத்து. இளவரசர் வீட்டின் மதிப்புள்ள அதிகாரி அவர். அதே மாதிரி, எங்கள் ஊர்ச் சீனக் கோயில்களில் நெருப்புச் சக்கரத்தில் ஈட்டியோடு நிற்கும் குழந்தைத் தெய்வம் நேஜாவை 'சான் தாய்ட்ஸு', மூன்றாம் இளவரசர் என்பார்கள். மூன்றாவது மகன் எப்படிப் பட்டத்து இளவரசர்? அங்கே அது செல்லமும் மரியாதையும் கலந்த சொல், அவ்வளவுதான்.

இன்றைக்கும் இந்தச் சொற்கள் சாகவில்லை. சீனப் பத்திரிகையில் எங்கள் பேராக் மாநிலத்தின் வாரிசான ராஜா மூடாவையோ சவூதியின் பட்டத்து இளவரசரையோ 'வாங்ச்சூ' என்பார்கள். அதே சேமிப்பு ச்சூ. ராஜா மூடா என்பதும் இளைய அரசர் என்றே பொருள்படும், நம் இளங்கோ மாதிரி. பணக்கார முதலாளியின் மகன் 'தாய்ட்ஸுயே'. சீனாவில் ஆளுங்கட்சியின் பெரிய தலைவர்களின் பிள்ளைகள் 'தாய்ட்ஸுடாங்', இளவரசர் கட்சி. அது பாராட்டு அல்ல. ஹாங்காங்கில் பிரின்ஸ் எட்வர்ட் ரயில் நிலையத்தின் சீனப் பெயர் சுத்தமாகத் தாய்ட்ஸு, கான்டனீஸில் தாய்ஸி.

பழகுவதற்கு ஒரு வழி: ஒரு எபிசோடுக்கு ஒரு சொல். இன்றைக்கு டி மட்டும் கேட்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை முறை, யார் வாயில் என்று கோடு போட்டு வாருங்கள். மொழிபெயர்ப்பு வரியை ஒரு துண்டு அட்டை வைத்து மறைத்துவிடுங்கள். அத்தை காலண்டர் அட்டையைச் செல்லோடேப் போட்டு டிவியிலேயே ஒட்டிவிட்டார்.

போன மாதம் நான் அடுப்படியில் இருந்தேன். தொடரில் இரண்டாவது இளவரசர், இருபது எபிசோடாக அண்ணன் முன்னால் பவ்யமாகப் 'பென்வாங்' 'பென்வாங்' என்று பேசி வந்தவர், இரவில் தனியாக உட்கார்ந்து வேலைக்காரனிடம் தேநீர் கேட்கிறார். ஹாலிலிருந்து அத்தை கத்தினார்: "டேய், சீக்கிரம் வா! இவன் கூ சொல்லிட்டான்! அண்ணன் காலி!"

இரண்டு எபிசோடு கழித்து அண்ணனுக்கு விஷம் வைத்தார்கள்.